சேர்ச் ஸ்கூலில் சமயபாடம்: லண்டன் தமிழ்ப் பெற்றோரும் புது ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மிஷனரிமார் தொடங்கிய ஒரு பாடசாலையில் படித்தேன். இப்போது லண்டனில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆரம்பப் பாடசாலை ஒன்றில், அதாவது ஒரு ‘சேர்ச் ஸ்கூலில்’, படிப்பிக்கிறேன். சமயபாடத்துக்குப் பொறுப்பும் என்னிடம்தான். நான் சைவம். இதைக் கேட்டதும் பலருக்குப் புருவம் உயரும். அதற்கான பதில் கீழே வருகிறது. பாடசாலை வாசலிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் புதிதாக வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியர்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

சேர்ச் ஸ்கூலில் விட்டால் பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களா?

மாற்றமாட்டார்கள். ஆனால் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடங்கள் கல்வியையும் மதமாற்றத்தையும் ஒன்றாகத்தான் கொண்டு வந்தன. அதை ஒளிக்கவும் இல்லை. வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழாக்கத்தில் துணை நின்ற ஆறுமுக நாவலரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்க வேண்டியிருந்தது. அந்த ஞாபகம் நம் குடும்பங்களில் இன்னும் கிடக்கிறது.

இங்கிலாந்தின் சேர்ச் ஸ்கூல் வேறு வழியாக வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்க 1811இல் திருச்சபை ‘நேஷனல் சொசைட்டி’ என்ற சங்கத்தை அமைத்தது. அந்தப் படிப்பு திருச்சபையின் கொள்கைப்படி இருக்கும் என்பதைச் சங்கத்தின் முழுப்பெயரே சொன்னது. ஆனால் பள்ளிக்கூடம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்குமானதாக இருந்தது. இன்றும் நாட்டின் ஆரம்பப் பாடசாலைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இந்தத் திருச்சபையைச் சேர்ந்தது. பிளாக்பர்ன், பிராட்ஃபர்ட், பர்மிங்காம் போன்ற நகரங்களில் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களாக இருக்கும் சேர்ச் ஸ்கூல்கள் உண்டு. அங்கே மதம் மாற்றப் புறப்பட்டால் அடுத்த வருடம் பாடசாலையில் கதிரைகள்தான் மிஞ்சும்.

அதற்காக, உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரு கிறிஸ்தவப் பாட்டுப் பாடாது என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பாடும். குளிக்கும்போதும் பாடும்.

சமயபாடமும் காலைப் பிரார்த்தனையும் ஒன்றா?

இரண்டும் வேறு. பெற்றோரும் சில ஆசிரியர்களும் இதைத்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள்.

சமயபாடம், அதாவது ‘ஆர்.ஈ.’, கணக்கு, விஞ்ஞானம் மாதிரி ஒரு பாடம். பிள்ளை என்ன தெரிந்துகொண்டது, எப்படி யோசிக்கிறது என்றுதான் அதில் பார்ப்போம். எதை நம்புகிறது என்பதற்குப் புள்ளி கிடையாது. கூட்டு வழிபாடு தனி. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொட்டு எல்லா அரச நிதிப் பாடசாலைகளிலும் தினமும் அது நடக்க வேண்டும். சேர்ச் ஸ்கூலில் அது கிறிஸ்தவ மரபில் நடக்கும்.

எங்கள் ஊரில் சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கிறிஸ்தவம் என்று தனித்தனியாகப் படிப்பித்தார்களே. இங்கே ஏன் இல்லை?

இலங்கையில் படித்த பெற்றோர் எல்லாரும் கேட்கும் கேள்வி. நல்ல கேள்வியும்கூட.

எங்கள் பாடசாலையில் சமயபாட மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். நாங்கள் தேவாரத்தோடு இங்கே. பக்கத்துக் கதிரைத் தோழி கிறிஸ்தவப் புத்தகத்தோடு அந்தப் பக்கம். பத்து வருடத்துக்கு மேல் ஒன்றாகப் படித்தோம். ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயத்தில் அப்பத்தை எதற்காக வாங்கி உண்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஏன் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவதில்லை என்று அவளுக்கும் தெரியாது. நத்தாரை ஒட்டிப் பாடசாலையில் நடக்கும் ஒளிவிழாவில் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து பாடினோம்.

அந்த முறையில் ஒரு ஆழம் இருக்கிறது. எனக்கு இன்றும் பதிகங்கள் மனப்பாடம், அது அந்த வகுப்பின் தயவு. இங்கிலாந்தின் முறையோ எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் இருத்தி எல்லாச் சமயங்களையும் பற்றிப் பேசுவது. ஒரு பிள்ளையை அதன் சமயத்துக்குள் வளர்க்கும் வேலையை அது எடுத்துக்கொள்வதில்லை. அது வீட்டின் வேலை, கோவிலின் வேலை. ஆகவே சேர்ச் ஸ்கூலோ சாதாரணப் பாடசாலையோ, உங்கள் பிள்ளை தேவாரம் படிக்க வேண்டுமென்றால் அதற்கான இடம் தமிழ்ப் பள்ளியும் உங்கள் சாமியறையும்தான்.

எவ்வளவு நேரம்? எந்தச் சமயங்கள்?

கற்பிக்கும் நேரத்தில் 5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 10 சதவீதத்தை நெருங்குவது நல்லது என்று இங்கிலாந்துத் திருச்சபை தன் பாடசாலைகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஐந்து சதவீதம் என்றால் வாரம் ஒன்றேகால் மணி நேரமளவில் வரும். அதில் பாதிக்குக் குறையாமல் கிறிஸ்தவம். மிச்ச நேரத்தில் இஸ்லாம், இந்து சமயம், யூத சமயம், சீக்கியம், பௌத்தம், மனிதநேயவாதம் போன்ற சமயமல்லாத பார்வைகள். எந்த வகுப்பில் எது என்பது ஊருக்கு ஊர் மாறும். கத்தோலிக்கப் பாடசாலையில் கணக்கு வேறு: அங்கே சமயபாடத்துக்கே 10 சதவீதம், கத்தோலிக்கம்தான் அதன் உயிர்.

‘வொலன்டரி எய்டட்’, ‘வொலன்டரி கன்ட்ரோல்ட்’ என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

சேர்ச் ஸ்கூல்களில் பெரும்பாலும் இந்த இரண்டு வகை. எய்டட் பாடசாலையில் திருச்சபையின் கை ஓங்கியிருக்கும். சமயபாடத் திட்டம் அதன் சாசனப்படி அமையும். இடத்துக்குப் போட்டி இருந்தால் தேவாலயத்துக்கு ஒழுங்காக வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். கன்ட்ரோல்ட் பாடசாலையில் பொதுவாக உள்ளூராட்சிப் பகுதிக்கென்று இணங்கி வகுத்த பாடத்திட்டம்தான் நடக்கும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தத் திட்டம் நாட்டின் சமய மரபு பெரும்பாலும் கிறிஸ்தவம் என்பதையும் காட்ட வேண்டும், இங்குள்ள மற்ற முக்கிய சமயங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். உள்ளூராட்சியின் பொறுப்பிலிருந்து விலகி அரசின் நேரடி நிதியில் நடக்கும் ‘அகாடமி’யாக மாறிவிட்ட பாடசாலை என்றால், அது முன்பு எந்த வகை என்று அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதே ஏற்பாடு தொடரும்.

இடம் மிச்சம் இருந்தால் எந்தச் சேர்ச் ஸ்கூலும் சமயத்தைச் சொல்லி உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. (அனுமதிக்காகத் திடீரென்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் போகத் தொடங்கும் குடும்பங்கள் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பாதிரியார்மாருக்கும் அது தெரியும்.)

சைவராக இருந்துகொண்டு சேர்ச் ஸ்கூலில் சமயபாடம் எப்படி எடுக்கிறீர்கள்?

முதலில் சட்டம். எய்டட் பாடசாலை ஆசிரியர் நியமனத்தில் சமயத்தைப் பார்க்கலாம். கன்ட்ரோல்ட் பாடசாலையில் சமயபாடத்துக்கென்று ஒதுக்கிய இடங்கள் ஆசிரியர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மற்ற இடங்களுக்குச் சமயம் ஒரு தகுதி அல்ல. எங்களுடையது கன்ட்ரோல்ட்.

அப்புறம் மனச்சாட்சி. முதல் வருடம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ‘இயேசு உயிர்த்தெழுந்தார்’ என்று நான் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டு, ‘வசந்தம், புது வாழ்வு, முயல்குட்டி’ என்று உயிர்த்த ஞாயிறு பாடத்தை நடத்தி முடித்தேன். யாரையும் நோகடிக்கவில்லை என்று எனக்குத் திருப்தி. அன்று பின்னேரம் கானா நாட்டுத் தாய் ஒருவர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: “நாங்கள் முயலையா கும்பிடுகிறோம்?” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாரையும் மதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த வகுப்பில் உண்மையிலேயே நம்புகிற பிள்ளைகளின் நம்பிக்கையை வெறும் முட்டையும் முயலும் ஆக்கிவிட்டேன்.

அதன் பிறகு ஒரு விதியை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சமயத்தையும் அதை நம்புகிறவர் பின்வரிசையில் இருந்து கேட்டால் ‘ஓம், இதுதான்’ என்று தலையாட்ட வேண்டும். இயேசு இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் கிறிஸ்தவமே இல்லை. இதை முழுக் குரலில் சொல்லுவேன். ‘கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்’ என்ற அந்த இரண்டு சொற்கள்தான் என்னையும் காக்கின்றன, பிள்ளைகளையும் காக்கின்றன. ‘நாங்கள் நம்புகிறோம்’ என்று வகுப்பில் சொல்லாதீர்கள். நீங்கள் கிறிஸ்தவராக இருந்தாலும்தான். வகுப்பில் முப்பது பேர் இருக்கும்போது அந்த ‘நாங்கள்’ யார் என்று ஏதோ ஒரு பிள்ளை தேடும்.

தீபாவளிப் பாடத்தில் இராமரும் சீதையும் அயோத்திக்குத் திரும்பிய கதையைச் சொன்னேன். தமிழ்ப் பிள்ளை ஒன்று “அது எங்கள் கதை இல்லை” என்றது. யார் சரி?

இரண்டும் சரி. பிள்ளை உங்களுக்கு ஒரு பெரிய பாடத்தைச் சும்மா கையில் தந்திருக்கிறது.

இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில் தீபாவளி என்றால் பெரும்பாலும் இராமர், சீதை, வரிசையாக விளக்கு. வட இந்தியாவில் பரவலாகச் சொல்லும் கதை அது. இங்கே வந்து குடியேறிய இந்துக்களில் குஜராத்தியரும் பஞ்சாபியரும் நிறைய. பாடப்புத்தகங்கள் அந்த வழியில் அமைந்துவிட்டன. தமிழ் வீட்டில் அம்மம்மா சொல்வது நரகாசுரன் கதை. நாளும் பல வருடங்களில் ஒன்றல்ல: நாங்கள் சதுர்த்தசி விடியற்காலையில் எண்ணெய் வைத்து முழுகிப் புது உடுப்புப் போட்டுக் கொண்டாடுவோம், அவர்கள் அமாவாசை இரவில் விளக்கேற்றுவார்கள். சீக்கியப் பிள்ளையைக் கேட்டால் குரு ஹர்கோபிந்த் சிறையிலிருந்து வெளிவந்த நாள் என்று சொல்லும். ஒரே பெயருக்குப் பின்னால் இத்தனை!

சிவன் பற்றியும் இதே சிக்கல். படைப்பவர் பிரம்மா, காப்பவர் விஷ்ணு, அழிப்பவர் சிவன் என்று மூன்று பெட்டி போட்ட சுவரொட்டி எத்தனையோ வகுப்பறைகளில் தொங்குகிறது. சைவ வீட்டுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. சைவ சித்தாந்தத்தில் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்து தொழிலும் சிவனுடையவை. ‘உன் சாமி அழிக்கிற சாமியா?’ என்று பக்கத்துப் பிள்ளை கேட்டதால் ஒரு பையன் அழுதுகொண்டு வந்தான். சுவரொட்டியைக் கழற்றினேன். அப்புறம் முருகன். புத்தகத்தில் பிள்ளையார் இருப்பார், தம்பியைக் காணக் கிடைக்காது. தமிழ்ப் பிள்ளை முதலில் தேடுவது அவரைத்தான்.

கிறிஸ்தவத்துக்கும் இதே விதிதான். சிறிலங்கன் கத்தோலிக்கப் பிள்ளை மடு மாதாவைப் பற்றிப் பேசும். நைஜீரியப் பெந்தகொஸ்தே பிள்ளைக்கு மாதா வணக்கம் விளங்காது. ஆங்கிலப் பிள்ளைக்குத் தேவாலயம் என்றால் தாத்தாவின் இறுதிச்சடங்கு நடந்த இடம். ‘கிறிஸ்தவர்கள்’ என்று சொல்லுமிடத்தில் ‘பல கிறிஸ்தவர்கள்’, ‘சில கிறிஸ்தவர்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், பாடத்துக்கு உடனே காற்றோட்டம் வரும்.

வகுப்பில் ஒரே ஒரு இந்துப் பிள்ளை. அவளையே எழுப்பி விளக்கச் சொல்லலாமா?

வேண்டாம். ஏழு வயதில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் சமயத்துக்கு யாரால் தூதராக இருக்க முடியும்? நானே ஒருமுறை இதைச் செய்தேன். “நீதான் எங்கள் நிபுணர்” என்று சிரித்தபடி அழைத்தேன். அவள் எழுந்து நின்றாள், ஒரு சொல் வரவில்லை. கர்மா என்றால் என்ன என்று நான் கேட்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்தது மோதகம்.

சொல்ல விரும்பும் பிள்ளை தானாகக் கை தூக்கும். முன்கூட்டியே வீட்டில் பேசி, அம்மாவோ அப்பப்பாவோ வந்து வீட்டில் என்ன செய்வார்கள் என்று காட்டினால் இன்னும் நல்லது. ‘இந்துக்கள் என்ன செய்வார்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியும்.

முஸ்லிம் பிள்ளை “கடவுளுக்கு மகன் இல்லை” என்று வகுப்பில் சொல்லிவிட்டான். கிறிஸ்தவப் பிள்ளை “இருக்கு” என்கிறான். என்ன செய்வது?

பதறாதீர்கள். பேச்சை மாற்றி ‘எல்லாரும் ஒன்றுதான்’ என்று மெழுகவும் வேண்டாம். இருவரும் தத்தம் சமயம் சொல்வதைச் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

நான் பலகையில் இரண்டு வட்டம் ஒன்றையொன்று வெட்டும்படி கீறுவேன். நடுவில்: இயேசு கன்னி மரியாளிடம் பிறந்தார், அற்புதங்கள் செய்தார், கடவுளிடமிருந்து வந்த செய்தியைச் சொன்னார். இதில் இரண்டு சமயமும் ஒத்துப்போகின்றன. குர்ஆனின் 19ஆவது அத்தியாயத்தின் பெயரே மர்யம். ஒரு பக்கத்தில்: இயேசு கடவுளின் மகன், சிலுவையில் இறந்து உயிர்த்தவர் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். மறுபக்கத்தில்: ஈசா ஒரு பெரிய நபி, கடவுள் ஒருவரே, அவருக்குப் பிள்ளை இல்லை என்று முஸ்லிம்கள் நம்புகிறார்கள். நடு வட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் ஓரங்களை அழித்துவிடாதீர்கள். ஒருவரோடு ஒத்துப்போகாமலே அவரோடு பந்து விளையாடலாம் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். நமக்குத்தான் பயம்.

“என் அம்மம்மா கிறிஸ்தவர் இல்லை. அவர் நரகத்துக்குப் போவாரா, மிஸ்?”

என்னை மிகவும் திணறடித்த கேள்வி இது. விளையாட்டு மைதானத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள். சில வேளை சொன்ன பிள்ளையும் கெட்டெண்ணத்தில் சொல்லியிராது. தன் சபையில் கேட்டதைச் சொல்லியிருக்கும்.

இதைச் சமயபாடக் கேள்வியாக எடுத்து உடனே விளக்கப் புறப்படாதீர்கள். முதலில் குனிந்து, “அம்மம்மாவுக்கு ஏதும் சுகமில்லையா?” என்று கேளுங்கள். நான் கேட்டபோது, அம்மம்மா மருத்துவமனையில் இருந்தார். பிள்ளை கேட்டது மறுமையைப் பற்றியே இல்லை.

பிறகு, வேண்டுமென்றால், உண்மையைச் சொல்லுங்கள்: இறந்த பின் என்ன நடக்கும் என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை, கடவுள் அன்பானவர் என்பதில் எல்லாரும் ஒன்று. இந்துக்கள் மறுபிறப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். ‘போவார்’, ‘போகமாட்டார்’ என்று தீர்ப்புச் சொல்ல ஆசிரியருக்கு அதிகாரம் இல்லை. அன்று பின்னேரமே வீட்டுக்குத் தொலைபேசி எடுங்கள். மைதானத்தில் சொன்ன பிள்ளையின் வீட்டோடும் பேசத்தான் வேண்டும். அந்த வீட்டு நம்பிக்கையைத் திருத்த அல்ல. இன்னொரு பிள்ளையின் பாட்டியைப் பற்றி அப்படிச் சொன்னால் நோகும் என்று சொல்ல.

நாங்கள் கிறிஸ்தவர்கள். கிறிஸ்தவப் பாடசாலை என்றுதான் சேர்த்தோம். எங்கள் பிள்ளை ஏன் சிலைகளைப் பற்றிப் படிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியும் தமிழ்ப் பெற்றோரிடமிருந்துதான் வருகிறது, அதுவும் கோபமாக. பெரும்பாலும் சைவத்திலிருந்து மாறிய முதல் தலைமுறை. விட்டு வந்த வீட்டின் கதவை யாரோ பிள்ளைக்குத் திறந்து காட்டுவது போல அவர்களுக்குத் தோன்றும். அதில் ஒரு வலி இருக்கிறது, சிரித்துத் தட்டிவிட வேண்டாம்.

நான் சொல்வது இதுதான்: உங்கள் பிள்ளை இங்கே எதையும் வணங்கமாட்டான். ஆரத்தி தட்டைப் பிடிக்கச் சொல்லமாட்டோம். மந்திரம் சொல்லவைக்கமாட்டோம். பிள்ளையாரை வரைய விருப்பமில்லை என்றால், கோவிலின் கோபுரத்தை வரையட்டும். மற்றச் சமயங்களை மதிப்போடு, சரியாகக் கற்பிக்க வேண்டும் என்று சொல்வதும் உங்கள் திருச்சபைதான். சயாம்ஸ் என்கிற திருச்சபையின் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கலாமா?

விலக்கலாம். சமயபாடம், கூட்டு வழிபாடு, இரண்டில் ஒன்று, அல்லது ஒன்றின் ஒரு பகுதி என்று எப்படியும் விலக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. சேர்ச் ஸ்கூலுக்கும் இது பொருந்தும். விலக்கிய பிள்ளையைப் பாடசாலை பார்த்துக்கொள்ளும், ஆனால் பதிலுக்கு வேறு பாடம் நடத்தக் கடமை இல்லை. வரலாற்றிலோ ஓவியத்திலோ பாட்டிலோ சமயம் வந்தால் இந்த உரிமை அங்கே செல்லாது.

என் அபிப்பிராயம்: கடிதம் எழுத முதல் ஒருமுறை வந்து பேசுங்கள். விலக்கிய பிள்ளை வாரம் ஒரு மணி நேரம் நூலக மூலையில் நிறந்தீட்டுவதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் யெகோவாவின் சாட்சிகள் போன்ற சில குடும்பங்களுக்கு இது ஆழமான விஷயம். அவர்கள் நத்தாரையும் பிறந்தநாளையும் கொண்டாடுவதில்லை. அந்த உரிமையை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

காலை வழிபாட்டில் கை கூப்பி ‘ஆமென்’ சொல்லத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. எங்கள் தலைமை ஆசிரியர் சொல்வது இப்படி: “நான் இப்போது ஒரு ஜெபம் சொல்லப்போகிறேன். அதை உங்களுடையதாக்க விரும்பினால் கடைசியில் ஆமென் சொல்லலாம். இல்லாவிட்டால் அமைதியாக இருந்து யோசிக்கலாம்.” அழைப்புத்தான், கட்டளை இல்லை. திருச்சபை தன் பாடசாலைகளுக்குக் கொடுத்த வழிகாட்டலும் அதுவே. ‘எல்லாரும் கண்ணை மூடுங்கள், கையைக் கூப்புங்கள்’ என்று பழக்கதோஷத்தில் சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்டால் நயமாகச் சொல்லுங்கள்.

நத்தார் நாடகத்தில் எங்கள் பிள்ளை நடிக்கலாமா?

தமிழ்ப் பெற்றோர் இதை ஒருபோதும் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது, “ஏன் என் பிள்ளைக்கு ஆட்டுக்குட்டி வேஷம்?” என்பதுதான். முஸ்லிம் குடும்பங்களோடு முன்னதாகப் பேசிவிடுங்கள். மரியாளாகத் தங்கள் மகள் நடிப்பதில் பெருமைப்பட்டவர்களும் உண்டு. நபிமாரையும் புனிதமானவர்களையும் நடித்துக் காட்டுவது தகாது என்று மறுத்தவர்களும் உண்டு. விளக்கு, திரை, கதை சொல்லுதல் என்று நிறைய வேலை இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தவக்காலத்துக்கு முதல்நாள் செவ்வாய்க்கிழமை பான்கேக் சுடுவார்கள். அதில் முட்டை. மரக்கறி மட்டும் உண்ணும் பிள்ளைகளுக்கு முட்டையில்லாத மாவைத் தனியாகக் கரையுங்கள், அதே அடுப்பில் முதலில் சுடுங்கள். இனிப்புகளில் ஜெலட்டின் பாருங்கள். கோவில் பிரசாதத்தைச் சில முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்ணமாட்டா. கையில் வைத்த பிறகு பிடுங்காமல், போக முன்னரே ஐயரிடம் சொல்லி வையுங்கள்.

கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ கூட்டிப்போனால் பெற்றோர் சிலர் அன்று பிள்ளையை அனுப்புவதில்லை. என்ன செய்யலாம்?

அனுமதிக் கடிதத்தில் ‘பார்க்கப் போகிறோம், வழிபாட்டில் பங்கெடுக்கமாட்டோம்’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சந்தேகப்படும் பெற்றோரையே துணைக்கு வரச் சொல்லுங்கள். மேற்கு ஈலிங்கில் இருக்கும் கனகதுர்க்கை அம்மன் கோவில் முன்பு ஒரு கிறிஸ்தவச் சிற்றாலயமாக இருந்த கட்டடம். லண்டனில் கட்டடங்கள் இப்படிச் சமயம் மாறுவது சகஜம். பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல துப்பறியும் வேலை: சன்னலைப் பார், கூரையைப் பார், இது முன்பு என்னவாக இருந்திருக்கும்?

எந்தச் சமயமும் இல்லாத பிள்ளைகள்?

அவர்கள்தான் இப்போது பல வகுப்புகளில் பெரிய கூட்டம். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 46.2 சதவீதம், முதல் முறையாகப் பாதிக்குக் கீழ். சமயம் இல்லை என்றவர்கள் 37.2 சதவீதம். ‘எனக்கு ஒன்றுமில்லை, மிஸ்’ என்று அந்தப் பிள்ளைகள் சொல்வார்கள், எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தது மாதிரி. ‘ஒன்றுமில்லை’ அல்ல. அநியாயத்தைக் கண்டால் கோபம் வருகிறதா? செத்துப்போன நாய்க்குட்டியை எங்கே புதைத்தாய், அப்போது யார் என்ன சொன்னார்கள்? அதிலிருந்து தொடங்கலாம்.

தீபாவளிக்கு லீவு கிடைக்குமா?

பெற்றோரின் சமய அமைப்பு வழிபாட்டுக்கென்று ஒதுக்கிய நாளில் பிள்ளை வராவிட்டால் அது குற்றமாகாது என்று சட்டமே சொல்கிறது. பதிவேட்டில் அதற்கென்று தனிக் குறியும் உண்டு. ஒக்டோபர் இடைவிடுமுறைக்குள் தீபாவளி விழுந்தால் பிரச்சினையே இல்லை. தைப்பொங்கலுக்குத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ‘வயிற்றுவலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மறுநாள் பிள்ளை கையில் பொங்கல் டப்பாவோடு வந்து எல்லாவற்றையும் எங்களுக்குச் சொல்லிவிடும்.